கோயில் முற்றமும் விருந்தினர் மேடையும்: பாலித் தீவில் சுற்றுலாவும் பண்பாட்டின் உண்மைத்தன்மையும்

இந்தோனேசியாவின் பாலித் தீவுக்குச் செல்வோர் தவறாமல் பார்த்துத் திரும்பும் நிகழ்ச்சி கெச்சாக். அந்தி சாயும் நேரத்தில், கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணியை இடுப்பில் சுற்றிய ஆண்கள் ஐம்பது அறுபது பேர் வெற்று மார்போடு வட்டம் வட்டமாக உட்கார்ந்து, 'சாக், சாக்' என்று குரலாலேயே தாளம் எழுப்புவார்கள். இசைக்கருவி எதுவும் கிடையாது. நடுவில் எரியும் விளக்கைச் சுற்றி, இராவணன் சீதையைக் கவர்ந்து செல்வதும் அனுமன் தூது போவதும் ஆடிக் காட்டப்படும். உலுவாத்து கோயிலை ஒட்டிய கடலோரப் பாறை முகட்டில் அமர்ந்து இதைப் பார்ப்பவர்களில் பலர், ஆயிரம் ஆண்டுப் பழமையான சடங்கொன்றைக் கண்டதாக நினைத்துக்கொண்டு எழுகிறார்கள். கெச்சாக் இன்றைய வடிவத்தை அடைந்து இன்னும் நூறு ஆண்டுகூட ஆகவில்லை.

அதன் வேர் பழையது. ஊரில் நோய் பரவும் காலங்களில் சாங்ஹியாங் என்ற சடங்கு நடக்கும். இளஞ்சிறுமிகள் புகையும் பாட்டும் சூழ அருள் வந்து ஆடுவார்கள். சுற்றி இருக்கும் ஆண்கள் குரல் கொடுப்பார்கள். அதில் கதை இல்லை, பார்வையாளர் என்று தனியாக எவரும் இல்லை. 1930களின் தொடக்கத்தில் பெடுலு கிராமத்து நடனக் கலைஞர் வாயன் லிம்பாக்கும், உபுட் ஊரில் குடியேறியிருந்த ஜெர்மானிய ஓவியர் வால்டர் ஸ்பீஸும் அந்தக் குரல் தாளத்தைச் சடங்கிலிருந்து பிரித்தெடுத்து, இராமாயணக் காட்சிகளோடு இணைத்தார்கள். இதில் யார் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் வெளியூர் விருந்தினர் அமர்ந்து பார்ப்பதற்கென்றே அது வளர்ந்தது என்பதில் ஐயமில்லை. அதைக் கிராமங்கள் தமதாக்கிக்கொண்டன. குழு அமைத்துப் பயின்றன, ஒன்றோடொன்று போட்டியிட்டன. இன்று பாலியின் இளைஞர்களுக்கு அது தாத்தா ஆடிய ஆட்டம்.

இப்படிப்பட்ட ஒன்றை உண்மை என்பதா, போலி என்பதா? சுற்றுலாவைப் பற்றிய ஆய்வுகள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்துவருகின்றன. அமெரிக்க வரலாற்றாசிரியர் டேனியல் பூர்ஸ்டின் 1961-இல், சுற்றுலாப் பயணி விரும்பிப் பெறுவதே ஏற்பாடு செய்யப்பட்ட பொய் நிகழ்வுகளைத்தான் என்று எழுதினார். சமூகவியலாளர் டீன் மக்கானெல் 1973-இல் இதை மறுத்தார். பயணி தேடுவது உண்மையைத்தான். ஆனால் அவருக்குக் காட்டப்படும் 'உள்வீடு' என்பதும் அலங்கரிக்கப்பட்ட இன்னொரு முன்கூடமே என்பது அவர் வாதம். மானிடவியலாளர் டேவிட் கிரீன்வுட் ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் உள்ள ஃபுவென்டரபியா நகரை ஆராய்ந்தார். 1638-இல் பிரெஞ்சு முற்றுகையை முறியடித்த நினைவாக அந்த ஊரார் ஆண்டுதோறும் நடத்தும் அலார்டே அணிவகுப்பை, பயணிகளும் பார்க்க வசதியாக ஒரே நாளில் இருமுறை நடத்தும்படி 1969-இல் நகராட்சி முடிவெடுத்தது. ஊரார் தமக்காகத் தாமே நடத்திய விழா, பிறர் பார்க்கச் செய்யும் கடமையாகிவிட்டது. கலந்துகொள்ள ஆள் குறைந்தது. கூலி கொடுத்து ஆள் சேர்ப்பதுபற்றிப் பேசும் நிலை வந்தது. பண்பாட்டை எடைபோட்டு விற்றால் அதன் பொருள் செத்துவிடும் என்று கிரீன்வுட் 1977-இல் எழுதினார். பின்னாளில் அதே விழா பாஸ்க் அரசியல் உணர்வின் களமாக உயிர்பெற்றதைக் கண்டு, தம் முடிவை அவரே தளர்த்திக்கொண்டார். 1988-இல் எரிக் கோஹன் வேறொரு கோணத்தை முன்வைத்தார்: உண்மைத்தன்மை என்பது பிறப்பிலேயே அமைந்துவிடும் குணம் அல்ல, விற்பனைக்கென்று உருவான ஒன்றும் காலப்போக்கில் உண்மையாகலாம்.

இந்த வாதங்கள் அனைத்தையும் சோதித்துப் பார்க்கப் பாலியைவிடப் பொருத்தமான இடம் குறைவு. ஏனெனில் அங்கே சுற்றுலா ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக நடக்கிறது; அதைப்பற்றிப் பாலி மக்களே வெளிப்படையாக விவாதித்தும் வந்திருக்கிறார்கள்.

'மாறாத தீவு' உருவான விதம்

டச்சுப் படை 1906-இல் தெற்குப் பாலியின் படுங் அரசைத் தாக்கியபோது, அரச குடும்பத்தாரும் அவர்களைச் சார்ந்தோரும் வெள்ளுடை அணிந்து, கையில் குறுவாளுடன் துப்பாக்கிகளுக்கு நேரே நடந்து மடிந்தார்கள். புபுத்தான் எனப்படும் இந்த முடிவு 1908-இல் க்ளுங்க்குங் அரசிலும் நிகழ்ந்தது. ஐரோப்பாவில் எழுந்த கண்டனத்துக்குப் பிறகு, பாலியின் பண்பாட்டைக் காக்கும் காவலனாகத் தன்னைக் காட்டிக்கொள்ள டச்சு அரசு முயன்றது. 1914 வாக்கில் டச்சுக் கப்பல் நிறுவனம் பாலிக்குப் பயணிகளை அழைத்து விளம்பரம் செய்யத் தொடங்கியது. 1928-இல் டென்பசாரில் பாலி ஹோட்டலைத் திறந்தது. அங்கே விருந்தினருக்காக நடனங்கள் ஏற்பாடு செய்யப்பட்டன.

அதே 1920களில் காலனி அரசு 'பாலிமயமாக்கல்' என்ற கொள்கையைக் கையில் எடுத்தது. பள்ளிகளில் பாலி மொழி, இசை, நடனம் ஆகியவற்றைக் கற்பிக்கவும், உடையிலும் கட்டடத்திலும் பாலி முறையைப் பேணவும் ஊக்கம் தரப்பட்டது. கேட்க நல்ல நோக்கம்போலத் தோன்றினாலும், ஜாவாவில் பரவிவந்த தேசியவாதமும் இஸ்லாமிய இயக்கங்களும் பொதுவுடைமைச் சிந்தனையும் தீவுக்குள் நுழையாமல் தடுப்பதே இதன் உள்நோக்கம். பாலி மக்கள் பாலி மக்களாகவே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் பாலி மக்கள் அல்லர். பயணிகள் வியந்த 'மாறாத பழமை'யின் ஒரு பகுதி ஆட்சிக் கொள்கையின் விளைவு என்பதை மறந்துவிட்டு இந்தத் தீவைப் புரிந்துகொள்ள முடியாது.

1931-இல் பாரிஸ் காலனியக் கண்காட்சியில் பெலியாத்தான் கிராமத்துக் குழு ஆடியது. அதைக் கண்ட பிரெஞ்சு நாடகக் கலைஞர் அந்தோனென் ஆர்த்தோ, மேற்கத்திய நாடகத்தைப் பற்றிய தம் கருத்துகளையே மாற்றிக்கொண்டார். ஓவியர்களும் இசை ஆய்வாளர்களும் மானிடவியலாளர்களும் உபுட்டை நோக்கி வந்தார்கள். மானிடவியலாளர்களான மார்கரெட் மீடும் கிரிகரி பேட்சனும் 1936 முதல் இரண்டாண்டுகள் பாலியில் தங்கி ஆய்வு செய்தார்கள். ஸ்பீஸும் டச்சு ஓவியர் ரூடால்ஃப் பொன்னேயும் உபுட் அரச குடும்பத்தாரோடும் லெம்பாட் போன்ற உள்ளூர்க் கலைஞர்களோடும் சேர்ந்து 1936-இல் பித்தா மஹா என்ற ஓவியர் சங்கத்தை நிறுவினார்கள். அதுவரை கோயிலுக்கும் அரண்மனைக்கும் தோல்பாவைக் கூத்தின் உருவங்களை வரைந்து வந்தவர்கள், சந்தையையும் வயலையும் அறுவடையையும் வரைந்தார்கள். படத்தின் மூலையில் தம் பெயரை எழுதினார்கள். வாங்குபவர் பெட்டியில் எடுத்துச் செல்லும் அளவுக்குத் தாளின் அளவும் அமைந்தது.

இவற்றை மட்டும் பார்த்தால், பாலியின் கலை முழுவதும் வெளியார் கைபட்டு மாறியது என்று தோன்றும். அது தவறு. 1915-ஐ ஒட்டி வடக்குப் பாலியில் கெமலான் எனப்படும் உலோகத் தாளக்கருவிக் குழு இசையில், கெப்யார் என்ற இடிமுழக்கம் போன்ற புதிய பாணி பிறந்தபோது அங்கே சுற்றுலாப் பயணிகள் இல்லை. கிராமத்துக்கும் கிராமத்துக்கும் இடையே இருந்த போட்டியே அதைப் பெற்றெடுத்தது. பழைய வெண்கலக் கருவிகளை உருக்கிப் புதுப் பாணிக்கு ஏற்ப வார்த்துக்கொண்ட ஊர்கள் உண்டு. 1920களில் மாரியோ என்று அழைக்கப்பட்ட கெத்துட் மார்யா, உட்கார்ந்தபடியே ஆடும் கெப்யார் டுடுக் நடனத்தை உருவாக்கினார். ஆக, சுற்றுலா வருவதற்கு முன் அசையாமல் இருந்த மரபு என்று ஒன்று பாலியில் இருந்ததில்லை. புதுமை செய்வதே அந்த மரபின் இயல்பு. 1952-இல் ஆங்கிலேயரான ஜான் கோஸ்ட், பெலியாத்தான் குழுவை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்தபோது, அந்தப் பயணத்துக்காகவே மாரியோ ஓலெக் தம்புலிலிங்கான் என்ற தேனீ நடனத்தை அமைத்தார். வெளிநாட்டு மேடைக்காகப் பிறந்த அந்த ஆட்டம் இன்று பாலி நடனப் பள்ளிகளில் செவ்வியல் பாடம்.

மூன்று முற்றங்கள்

1965-66-இல் இந்தோனேசியாவெங்கும் பொதுவுடைமையாளர்கள் என்று குற்றம் சாட்டப்பட்டோர் கொல்லப்பட்டார்கள். பாலியில் மட்டும் ஏறத்தாழ 80,000 பேர் இறந்திருக்கலாம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. அதே 1966-இல் சனூர் கடற்கரையில், ஜப்பானின் போர் இழப்பீட்டுப் பணத்தில் கட்டிய பத்து மாடி பாலி பீச் ஹோட்டல் திறக்கப்பட்டது. அமைதியும் புன்னகையும் நிறைந்த தீவு என்ற விளம்பரத்தில் அந்தப் பிணங்களுக்கு இடமில்லை. ஒரு பண்பாட்டின் உண்மையைப் பற்றிப் பேசும்போது, அது எதைப் பேசாமல் விட்டது என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

அந்தப் பெருங்கட்டடம் கண்ணை உறுத்தியதால், தென்னை மரத்தின் உயரத்தைத் தாண்டி, அதாவது 15 மீட்டருக்கு மேல், எதுவும் கட்டக்கூடாது என்ற விதி பிறந்தது. 1969-இல் விமான நிலையம் பன்னாட்டு விமானங்களுக்குத் திறக்கப்பட்டது. 1971-இல் பிரெஞ்சு ஆலோசனை நிறுவனம் ஒன்று தயாரித்த பெருந்திட்டம், நூசா டுவா என்ற வறண்ட தெற்கு முனையில் சொகுசு விடுதிகளைக் குவித்து, அங்கிருந்து பயணிகளைக் குறித்த பாதைகளில் தீவுக்குள் கூட்டிச் சென்று திருப்பி அழைத்துவரச் சொன்னது. இத்திட்டம் குறித்துப் பாலி மக்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

அவர்கள் பதில் சொன்ன விதம் தனித்தன்மை வாய்ந்தது. அதே 1971-இல் அறிஞர்களும் சமயத் தலைவர்களும் கலைஞர்களும் டென்பசாரில் கருத்தரங்கு கூட்டி, எதைப் பயணிகளுக்குக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று வரையறுக்க முனைந்தார்கள். உடனே ஒரு சிக்கல் எழுந்தது. புனிதம், உலகியல் என்று கலையை இரண்டாகப் பிரிக்கும் சொற்கள் பாலி மொழியில் இல்லை. ஐரோப்பியச் சொற்களை இந்தோனேசிய வடிவில் கடன் வாங்கித்தான் அவர்கள் விவாதத்தையே நடத்த வேண்டியிருந்தது. முடிவில், பாலிக் கோயிலின் மூன்று முற்றங்களை அளவுகோலாகக் கொண்டு மூன்று வகை வகுத்தார்கள். உள்முற்றத்தில் சடங்கின் பகுதியாகவே ஆடப்படுவது வாலி. நடு முற்றத்தில் சடங்குக்குத் துணையாக ஆடப்படுவது பெபாலி. வெளி முற்றத்தில் மனமகிழ்வுக்காக ஆடப்படுவது பாலிஹ்-பாலிஹான். முதல் வகை விற்பனைக்கு இல்லை என்பது கருத்து. 1974-இல் மாகாண அரசு 'பண்பாட்டுச் சுற்றுலா'வைச் சட்டமாகவே இயற்றியது.

எல்லை வகுத்தபின் நடந்ததுதான் ஆய்வாளர்களைத் திகைக்க வைத்தது. பென்டெட் என்பது கோயில் திருவிழாவில் தெய்வங்களை வரவேற்கப் பெண்கள் பூத்தட்டு ஏந்தி ஆடும் நடனம். 1960களின் இறுதியில் அதையே எடுத்து ஹோட்டல்களில் விருந்தினரை வரவேற்க ஆடினார்கள். தெய்வத்துக்குரிய வரவேற்பைப் பயணிக்குத் தருவதா என்று சமயத் தலைவர்கள் வருந்தினார்கள். அதனால் டென்பசார் இசைக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் பென்டெட்டின் அசைவுகளையும் வேறு நடனங்களின் அசைவுகளையும் கலந்து, விருந்தினருக்கென்றே பன்யெம்பிராமா என்ற புது நடனத்தை அமைத்தார்கள். சிக்கல் தீர்ந்தது என்றே எல்லாரும் எண்ணினார்கள். ஆனால் அந்த நடனம் அழகாக இருந்தது. கல்லூரியில் பயின்ற பெண்கள் ஊருக்குத் திரும்பி, தம் கோயில் திருவிழாவில் அதையே ஆடினார்கள். பயணிக்காகச் செய்தது தெய்வத்தின் முன் போய்ச் சேர்ந்தது.

பிரெஞ்சு ஆய்வாளர் மிஷேல் பிக்கார் பல ஆண்டுகள் பாலியில் தங்கி இதையெல்லாம் பதிவு செய்தார். சுற்றுலா என்பது வெளியிலிருந்து வந்து பண்பாட்டின் மீது மோதும் பொருள் என்ற பார்வையே தவறு என்பது அவர் முடிவு. பண்பாடு என்று தமக்கு ஒன்று இருப்பதையும், அது காக்க வேண்டிய முதுசொம் என்பதையும், அதுவே விற்கத்தக்க முதல் என்பதையும் பாலி மக்கள் ஒரே சமயத்தில் உணரும்படி சுற்றுலா செய்தது. 2015-இல் யுனெஸ்கோ பாலியின் ஒன்பது நடனங்களை மானுடத்தின் அருவப் பாரம்பரியமாக அறிவித்தபோது, அவற்றை வாலி, பெபாலி, பாலிஹ்-பாலிஹான் என்ற மூன்று தலைப்புகளிலேயே அடுக்கியது. சுற்றுலாவுக்கு அஞ்சிக் கருத்தரங்கில் வரைந்த எல்லைக்கோடு, 44 ஆண்டுகளில் உலகமே ஏற்கும் மரபாகிவிட்டது.

கூலியும் தொண்டும்

பாலியின் நடனக் குழுக்கள் பெரும்பாலும் தனிமனிதர்களுக்குச் சொந்தமானவை அல்ல. பஞ்சார் எனப்படும் ஊர்ப் பகுதியின் கூட்டுக் குழுக்களாகவே அவை இயங்குகின்றன. பத்துபுலான் கிராமத்தில் 1970களிலிருந்து காலைதோறும் பாரோங் நடனம் நடக்கிறது. ஊரைக் காக்கும் சிங்கம் போன்ற பாரோங்குக்கும் சூனியக்காரி ரங்டாவுக்கும் இடையிலான போர் அது. நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு கருவிகளுக்கும் உடைகளுக்கும் கோயில் திருப்பணிக்கும் போய்ச் சேர்கிறது. அமெரிக்க மானிடவியலாளர் ஃபிலிப் மெக்கீன் 1970களில், சுற்றுலாப் பணம் பாலி மரபை அழிக்கவில்லை, இன்னும் செறிவாக்குகிறது என்று வாதிட்டதற்கு இத்தகைய ஊர்களே ஆதாரம். கோயிலில் உள்ள புனித முகமூடியை மேடைக்குக் கொண்டுவராமல், பயணிகளுக்கென்று வேறு முகமூடி செய்துகொண்ட ஊர்களும் உண்டு. ஆனால் அந்த இரண்டாவது முகமூடிக்கும் ஆட்டத்துக்கு முன் படையல் வைக்கிறார்கள், தீர்த்தம் தெளிக்கிறார்கள். பார்ப்பவர் பணம் கொடுத்தவர் என்பதால் ஆட்டத்தைக் காண வரும் கண்ணுக்குத் தெரியாத பார்வையாளர்கள் வராமல் இருப்பதில்லை என்பது ஆடுவோரின் நம்பிக்கை.

இழப்பு மேடையில் மட்டும் இல்லை. இரவு முழுதும் நீளும் நாடகம் ஒரு மணி நேரத்துக்குச் சுருங்கியதும், லெகோங் நடனத்தின் நுட்பமான பகுதிகள் வெட்டப்பட்டதும் உண்மையே. ஹோட்டல் விருந்துக்கு ஆடும் குழுக்களின் கட்டணத்தில் பெரும்பங்கு இடைத்தரகருக்குப் போவதும் பழைய குறை. இவற்றைவிட ஆழமான மாற்றம் 'ஙயாஹ்' என்ற சொல்லைச் சுற்றி நடக்கிறது. கூலி எதிர்பாராமல் கோயிலுக்கும் ஊருக்கும் செய்யும் உழைப்புக்கு அந்தப் பெயர். ஆடுவதும் ஙயாஹ், கெமலான் வாசிப்பதும் ஙயாஹ், படையலுக்கு ஓலை பின்னுவதும் ஙயாஹ். 210 நாளுக்கு ஒருமுறை வரும் ஓடாலான் எனும் கோயில் ஆண்டுவிழாவுக்கு ஊரார் நாள்கணக்கில் வேலை செய்ய வேண்டும். ஹோட்டலில் ஷிஃப்ட் முறையில் வேலை பார்ப்பவருக்கு அந்த நாட்கள் கிடைப்பதில்லை. வராதவர் ஊருக்கு அபராதம் கட்டுகிறார். முன்பு வீட்டுப் பெண்கள் அன்றாடம் கையால் செய்த சானாங் என்ற சிறு பூப்படையலை இப்போது பலர் சந்தையில் வாங்கிக்கொள்கிறார்கள். அதற்கு வேண்டிய குருத்தோலையில் பெரும்பகுதி லாரிகளில் ஜாவாவிலிருந்து வருகிறது. வெளியார் கண்ணுக்குச் சடங்கு அப்படியேதான் நடக்கிறது; படையலின் வடிவமும் நிறமும் மாறவில்லை. அதைச் செய்த கைகள் மாறிவிட்டன. உண்மைத்தன்மையை மேடையிலேயே தேடிக்கொண்டிருந்த ஆய்வுகள் இந்த இடத்தைப் போதிய அளவு கவனிக்கவில்லை.

வயலும் கடலும்

பாலியின் சடங்குகள் நெல்லோடும் நீரோடும் பிணைந்தவை. சுபாக் எனப்படும் உழவர் பாசனச் சங்கங்கள் நீரைப் பங்கிடுவதோடு, நீர்க்கோயில்களில் வழிபாட்டையும் நடத்துகின்றன. 2012-இல் யுனெஸ்கோ சுபாக் நிலக்காட்சியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதன் பகுதியான ஜத்திலுவியின் படிக்கட்டு வயல்களைப் பார்க்கப் பயணிகள் குவிகிறார்கள். சுற்றுலாவால் நிலவிலை ஏறும்போது நிலவரியும் ஏறுகிறது. நெல் விலை அந்த அளவுக்கு ஏறுவதில்லை. உழவர் வயலை விற்கிறார், அங்கே வில்லா எழுகிறது. ஒரு சுபாக்கின் வயல்கள் ஒவ்வொன்றாகப் போனால், அதன் கோயிலுக்கு உறுப்பினர் இல்லாமல் போகிறார்கள். நடனத்தை மீண்டும் கற்றுக்கொள்ளலாம், முகமூடியைப் புதிதாகச் செதுக்கலாம். கான்கிரீட் கொட்டிய வயலைத் திருப்புவதற்கு வழியில்லை. வணிகச் சுற்றுலா பாலிப் பண்பாட்டுக்குச் செய்த மிகப் பெரிய தீங்கு இதுவே.

இதை எதிர்த்த போராட்டங்களில் பண்பாடே வாதமாயிற்று. 1993-94-இல் தானா லோட் கடற்கோயிலுக்கு அருகே சொகுசு விடுதியும் கோல்ஃப் மைதானமும் அமைக்கும் திட்டத்தை மக்கள் எதிர்த்தார்கள். இந்து சமயப் பேரவையான பரிசாதா 1994-இல், பெருங்கோயில்களைச் சுற்றி எவ்வளவு தூரம் புனித எல்லை என்பதை வரையறுத்து அறிவிப்பு வெளியிட்டது. விடுதி சில மாற்றங்களோடு கட்டப்பட்டது. எனினும் அந்த அறிவிப்பு பிற்காலப் போராட்டங்களுக்கு அடித்தளம் ஆயிற்று. 2013 முதல் பெனோவா விரிகுடாவை நிரப்பித் தீவுகள் உருவாக்கும் திட்டத்துக்கு எதிராக ஊர்ச் சபைகளும் இளைஞர்களும் இசைக்குழுக்களும் திரண்டபோது, விரிகுடாவில் உள்ள புனித இடங்களைப் பட்டியலிட்டுக் காட்டினார்கள். 2019-இல் அது கடல்சார் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது.

காப்பதற்கு எழும் குரலுக்கு வேறொரு பக்கமும் உண்டு. 2002 அக்டோபர் 12-ஆம் நாள் கூத்தாவில் நடந்த குண்டுவெடிப்பில் 202 பேர் இறந்தபின், 'அஜெக் பாலி', அதாவது நிலைகுலையாத பாலி, என்ற முழக்கம் எழுந்தது. மொழி, வழிபாடு, ஊர்ச் சபை ஆகியவற்றை வலுப்படுத்தப் பேசிய அந்த இயக்கம், பிழைப்புக்காக ஜாவாவிலிருந்து வந்த முஸ்லிம் தொழிலாளர்களையும் தெருவோர வணிகர்களையும் சந்தேகத்தோடு பார்க்கச் செய்தது. 'உண்மையான பாலி' யார் என்ற கேள்வி காலனி ஆட்சியிடமிருந்து பாலி மக்கள் கைக்கு வந்தபோது, அதிலிருந்த விலக்கும் தன்மையும் கூடவே வந்தது.

2019-இல் சுமார் 63 லட்சம் வெளிநாட்டவர் பாலிக்கு வந்தார்கள். தீவின் மக்கள்தொகை சுமார் 43 லட்சம். அவ்வாண்டு செப்டம்பரில் மாகாண ஆளுநரும் சமய, கலை அமைப்புகளும் சேர்ந்து, புனித நடனங்களைக் கோயிலுக்கு வெளியே ஆடுவதைத் தடுக்கும் கூட்டு ஆணையில் கையெழுத்திட்டார்கள். 1971-இல் வரைந்த கோட்டை மீண்டும் ஒருமுறை அழுத்தி வரைய வேண்டியிருந்தது. சில மாதங்களில் கோவிட் கொள்ளைநோய் வந்தது. 2020-இல் பாலியின் பொருளாதாரம் 9 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. 2021-இல் அரசுக் கணக்கின்படி வந்த வெளிநாட்டவர் 51 பேர். உலுவாத்து மேடையும் பத்துபுலான் அரங்கும் மூடிக் கிடந்தன. வேலை இழந்தவர்கள் ஊர் திரும்பி வயலில் இறங்கினார்கள். நூசா லெம்போங்கான் போன்ற சிறு தீவுகளில் சுற்றுலாவுக்காகக் கைவிட்ட கடற்பாசி வளர்ப்பை மீண்டும் தொடங்கினார்கள். 210 நாள் நாட்காட்டி நிற்கவில்லை. கூட்டத்தைக் குறைத்து, சில பேரை மட்டும் வைத்துக்கொண்டு கோயில்களில் ஓடாலான் நடந்தது. கட்டணம் கொடுத்துப் பார்க்க எவரும் இல்லாத அந்த இரண்டு ஆண்டுகளில், உள்முற்றத்தில் ஆட வேண்டியவர்கள் ஆடினார்கள். 2024-இல் வெளிநாட்டுப் பயணிகளின் எண்ணிக்கை மறுபடி 63 லட்சத்தை எட்டியது. பண்பாட்டையும் இயற்கையையும் காக்கவென்று, அவ்வாண்டு பிப்ரவரி 14 முதல் ஒவ்வொரு வெளிநாட்டவரிடமும் 1,50,000 ரூப்பியா வசூலிக்கப்படுகிறது.